பெட்டிக்குள் செயலி, பெட்டிக்கு வெளியே பதிவேடு

மழைக்காலத்தில் ஒரு நாள். சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்குகின்ற சிற்றூர் ஒன்றில், கள ஊழியர் ஒருவர் கிணற்றினுள் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டத்தைப் பார்க்கிறார்; பார்த்த அளவைத் தம் கைப்பேசியிலுள்ள படிவத்தில் பதிகிறார். அவ்விடத்திற்குத் தொலைத்தொடர்பு அலை எட்டுவதில்லை. மாலையில் அவர் கடைவீதிக்குத் திரும்பியதும், கைப்பேசி அப்பதிவை எங்கோ அனுப்பிவிடுகிறது. 'எங்கோ' என்று கூறினோம். அந்த இடம் எது, அது எவ்வாறு அமைக்கப்பட்டது, யாருடைய பொறுப்பில் உள்ளது என்பவற்றை அந்த ஊழியர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆயினும் அவருடைய காரியாலயத்தில் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், ஜூலை மாதத்தில் அளந்து தொலைத்துவிட்ட நீர்மட்டத்தைச் செப்டம்பர் மாதத்தில் மீண்டும் அளத்தல் இயலாது.

இத்தகைய கணக்கெடுப்புக்கு இன்று பல நாடுகளில் உபயோகப்படும் சாதனங்களுள் ஒன்று ஓ.டி.கே. என்பது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதனைத் தொடங்கினர். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. 'கலெக்ட்' என்னும் செயலி ஊழியரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இருக்கும். 'சென்ட்ரல்' என்னும் வலைச் செயலி, இணையத்துடன் எப்போதும் இணைந்திருக்கும் ஒரு சேவையகத்தில் இருந்துகொண்டு, கைப்பேசிகள் அனுப்பும் படிவங்களைப் பெற்றுத் தொகுத்து வைக்கும். இதன் மூல நிரல் யாவருக்கும் திறந்திருப்பதால், ஒரு கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ தனக்கெனத் தனியாக ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். அவ்வாறு நிறுவும் பணி, கணிப்பொறி சிறிது தெரிந்தவர் என்று பெயர்பெற்ற ஆசிரியரிடமோ கள உதவியாளரிடமோ வந்து சேருகிறது. அவர்களை எண்ணியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

'சென்ட்ரல்' செயலியைப் படைத்தவர்கள் அதனைக் கொள்கலன்களின் தொகுதியாகவே வழங்குகின்றனர். கொள்கலன் என்றால் என்ன என்பதை முதலில் காண்போம்.

பெட்டியின் கதை

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டன் துறைமுகத்திற்கு 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. அதன் மேல்தளத்தில் ஒரே வடிவுடைய 58 உலோகப் பெட்டிகள் இருந்தன. லாரித் தொழிலில் ஈடுபட்டிருந்த மால்கம் மக்லீன் என்பவரின் ஏற்பாடு அது. அதற்கு முன்னர் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி எனப் பல உருவில் வந்த சரக்கைத் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கவேண்டியிருந்தது. பெட்டியின் வெளி அளவு ஒன்றாக அமைந்தபின், உள்ளே இருப்பது பருத்தியா இயந்திர உறுப்பா என்று பாரந்தூக்கிக்குத் தெரியவேண்டிய தேவை நீங்கிற்று.

மென்பொருள் உலகிலும் ஏறத்தாழ இதே இடர்ப்பாடு இருந்தது. ஒரு வலைச் செயலி தனித்து இயங்குவதில்லை. அது எழுதப்பட்ட நிரல் மொழியின் குறிப்பிட்ட பதிப்பு, பத்துக்கணக்கான துணை நூலகங்கள், ஒரு தரவுத்தளம் ஆகிய அனைத்தும் உடன் இருக்கவேண்டும். எழுதியவருடைய கணிப்பொறியில் இவை ஒரு பதிப்பாகவும், சேவையகத்தில் வேறு பதிப்பாகவும் இருக்கும். 'என்னிடத்தில் நன்றாக ஓடுகிறதே!' என்று எழுதியவர் கூறுவார், இங்கு ஓடாது. ஒரே சேவையகத்தில் இரண்டு செயலிகள் இருந்து, ஒன்று ஒரு நூலகத்தின் பழைய பதிப்பையும் மற்றொன்று புதிய பதிப்பையும் வேண்டுமானால், சங்கடம் இருமடங்காகும்.

செயலியையும் அதற்கு வேண்டிய யாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டால் என்ன? இக்கருத்து திடீரென உதித்ததன்று. 1979-ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி, அதுவே முழு மரம் என்று எண்ணவைக்கும் வசதி இருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் அதனை மேலும் இறுக்கமாக்கி, 'சிறை' என்றே பெயரிட்டது. நினைவகத்திலும் செயலகத்திலும் இவ்வளவுதான் உன் பங்கு என்று வரையறுக்கும் ஏற்பாட்டைக் கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2006-இல் தொடங்கினர். 2008-இல் அது லினக்ஸில் இடம்பெற்றது. இவ்வுறுப்புகளை எல்லாம் சாதாரண நிரலாளரும் கையாளத்தக்க எளிய கருவியாக இணைத்த பெருமை 'டாக்கர்' என்பதற்கு உரியது. 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா நகரில் கூடிய பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஒரு குறும்பேச்சில் இதனை முதன்முறையாகப் பலர் முன் காட்டினார். துறைமுகப் பெட்டிக்கு நேர்ந்ததுபோலவே இதற்கும் அளவைப் பொதுவாக்கும் கட்டம் வந்தது. 2015-இல் அதற்கெனத் திறந்த அமைப்பு ஒன்று ஏற்பட்டது.

உள்ளே நடப்பது

கொள்கலனைக் கணிப்பொறிக்குள் ஒரு சிறு கணிப்பொறி என்று சிலர் வருணிப்பர். அது முற்றிலும் சரியன்று. மெய்நிகர் இயந்திரம் எனப்படுவது தனக்கென ஒரு முழு இயங்குதளத்தை வைத்திருக்கும். தனி வீடு போன்றது. கொள்கலனோ ஒரு விடுதியின் அறை போன்றது. அடித்தளமும் நீர்க்குழாயும் விடுதி முழுமைக்கும் பொது. 'கர்னல்' எனப்படும் இயங்குதள உட்கரு ஒன்றையே எல்லாக் கொள்கலன்களும் பகிர்ந்துகொள்கின்றன. கதவு மட்டும் தனித்தனி. ஆகவேதான் ஒரு கொள்கலன் ஓரிரு நொடிகளில் எழுந்து நிற்கிறது. விடுதியின் அடித்தளம் ஆட்டங்கண்டால் எல்லா அறைகளும் ஆட்டங்காணும் என்பதும் இதன் மறுபக்கம். சேவையகத்தின் இயங்குதளத்தைப் பழுதின்றிப் பேணும் கடமை கொள்கலன் வந்ததனால் நீங்கிவிடவில்லை.

கொள்கலன் எதிலிருந்து உண்டாகிறதோ அதற்குப் 'படிமம்' என்று பெயர். படிமம் அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. அடியில் இயங்குதளத்தின் சில கோப்புகள், அதன்மேல் நிரல் மொழி, அதன்மேல் நூலகங்கள், உச்சியில் செயலி. கட்டி முடிந்த அடுக்குகள் மாறுவதில்லை. ஒவ்வொரு படிமத்திற்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்பட்ட 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளச் சரம் உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அச்சரம் முற்றிலும் வேறாகிவிடும். எனவே சோதனைச் சாலையில் பார்த்த படிமமும் உற்பத்திச் சேவையகத்தில் ஓடும் படிமமும் ஒன்றுதான் என்பதைக் கண்ணால் ஒப்பிட்டே உறுதிசெய்யலாம்.

படிமத்திலிருந்து கொள்கலனை எழுப்பும்போது, மாறாத அடுக்குகளின்மேல் எழுதத்தக்க ஒரு மெல்லிய அடுக்கு விரிக்கப்படுகிறது. செயலி இயங்கும்போது தனக்குள் எழுதுவன யாவும் அதில் பதிகின்றன. கொள்கலனை நீக்கினால் அந்த அடுக்கும் உடன் நீங்குகிறது. புதிய கொள்கலன் பழைய நினைவு ஏதுமின்றிப் பிறக்கும். இதை நாம் குறை எனக் கருதலாகாது. எழுந்ததும் ஒரே நிலையில் இருப்பது கொள்கலனின் இயல்பு. பழுதானதைச் செப்பனிடாமல் எறிந்துவிட்டுப் புதியதை வைக்க முடிவதும் அதனால்தான். ஆயினும் நம் நீர்மட்டப் பதிவுகள் அந்த மெல்லிய அடுக்கில் இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வெளியே வைக்கவேண்டியவை

ஆகவே, எது பெட்டிக்குள் இருக்கலாம், எது வெளியே இருக்கவேண்டும் என்று பிரித்தறிவதே இப்பணியின் பெரும்பகுதி எனலாம்.

முதலாவது தரவு. 'சென்ட்ரல்' தன் பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் வைக்கிறது. தரவுத்தள நிரலும் ஒரு கொள்கலனில்தான் ஓடுகிறது. ஆனால் அதன் கோப்புகள் 'வால்யூம்' எனப்படும் தனிச் சேமிப்பறையில், கொள்கலனுக்கு வெளியே, சேவையகத்தின் வட்டில் இருக்கின்றன. கொள்கலனை நீக்கிப் புதிதாக வைத்தாலும் சேமிப்பறை அப்படியே இருந்து, புதிய கொள்கலனுடன் இணைந்துகொள்ளும். டாக்கர் கம்போஸ் என்னும் கருவியில் 'டவுன்' என்ற கட்டளை கொள்கலன்களை நீக்கும், சேமிப்பறையைத் தொடாது. ஆனால் அதே கட்டளையின் பின்னால் 'வி' என்னும் ஓர் எழுத்துக் குறியைச் சேர்த்துவிட்டால், சேமிப்பறைகளும் உடன் அழியும், 'உறுதிதானா?' என்று கேட்கவும் கேட்காது. பயிற்சிக் குறிப்புகள் பலவற்றில் 'எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குக' என்று இக்கட்டளை காணப்படும். பயிற்சிக்கு அது சரி. கள நிலையத்தின் சேவையகத்தில் அதனைப் படியெடுத்து இடுதல் பெரும் அபாயமாகும்.

இங்கு இன்னொன்றையும் கூறவேண்டும். கலெக்ட் செயலியில், அனுப்பி முடிந்த படிவங்களைக் கைப்பேசியிலிருந்து தானாகவே நீக்கிவிடும் ஓர் அமைப்பு உண்டு. கைப்பேசி தொலைந்தால் பிறர் தகவல் வெளிப்படாது என்பதற்காகப் பல காரியாலயங்கள் அதனைப் பயன்படுத்துகின்றன, அது நியாயமே. ஆனால் அந்த வினாடியிலிருந்து, உலகில் அப்பதிவின் ஒரே பிரதி சேவையகத்திலுள்ள அந்தச் சேமிப்பறைதான்.

சில வேளைகளில் தரவு அழியாமலே அழிந்ததுபோல் தோன்றும். வேறு பெயர் கொடுக்கப்படாவிடில், கம்போஸ் கருவி தான் இருக்கும் கோப்புறையின் பெயரையே சேமிப்பறைக்கும் முன்னொட்டாக இடுகிறது. யாரேனும் ஒழுங்குபடுத்த எண்ணிக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டால், கருவி வேறு பெயரில் வெற்றுச் சேமிப்பறை ஒன்றை உண்டாக்கிக்கொண்டு இயங்கத் தொடங்கும். பயனர் கணக்கு ஒன்றுகூட இல்லாத புதுத் திரையைக் கண்டு நடுங்கவேண்டாம். பழைய அறை அங்கேயே உள்ளது. பெயரைத் திரும்பவும் முன்போல் மாற்றினால் போதும்.

இரண்டாவது இரகசியங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் முதலியவற்றைப் படிமத்தினுள் எழுதிவைத்தல் கூடாது. ஓர் அடுக்கில் எழுதியதை மேல் அடுக்கில் அழித்தாலும், கீழ் அடுக்கைப் பிரித்துப் பார்ப்பவர் அதனைப் படித்துவிடுவார். சுவரில் எழுதியதன்மேல் காகிதம் ஒட்டியது போன்றதே அது. இரகசியங்கள் சேவையகத்தில் ஒரு தனி அமைவுக் கோப்பில் இருந்து, கொள்கலன் எழும்போது அதற்கு ஓதப்படுதல் வேண்டும்.

நிறுவும் போது

நிறுவும் படிகள் செயலியின் கையேட்டில் வரிசையாக உள்ளன. அவற்றை இங்கு மீண்டும் எழுதப் போவதில்லை. கையேட்டைப் படிப்பவர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சுட்டுவோம்.

பெயரை முதலில் ஏற்பாடு செய்தல் வேண்டும். சேவையகத்தின் எண் முகவரியை ஒரு களப் பெயருடன் இணைத்து, அந்தப் பெயர் உண்மையில் அச்சேவையகத்தையே சுட்டுகிறதா என்று பார்த்தபின்னரே கொள்கலன்களை எழுப்பவேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவச அமைப்பிலிருந்து பாதுகாப்புச் சான்றிதழை 'சென்ட்ரல்' தானே கேட்டுப் பெறுகிறது. பெயர் இன்னும் வந்து சேராத நிலையில் கேட்டால் மறுக்கப்படும். மீண்டும் மீண்டும் கேட்டால் சில காலம் கதவை அடைத்துவிடுவார்கள். காத்திருக்கும் பொறுமையின்றிக் கட்டளையைத் திரும்பத் திரும்ப இட்டு, இருந்த வாய்ப்பையும் இழந்தவர் உண்டு.

அடுத்து வாயில்கள். சேவையகத்தின் 80, 443 ஆகிய இரு வாயில்கள் மட்டும் வலைப் போக்குவரத்திற்குத் திறந்திருந்தால் போதும். உபுண்டு இயங்குதளத்தில் 'யு.எஃப்.டபிள்யு' என்னும் தீயரண் கருவி பிரசித்தம். அதில் மற்ற வாயில்களை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருத்தலாகாது. டாக்கர் ஒரு கொள்கலனின் வாயிலை வெளியிடும்போது, போக்குவரத்து விதிகளைத் தானே நேரடியாக உட்கருவில் எழுதுகிறது. அப்போக்குவரத்து அந்தத் தீயரணின் விதிகளைச் சந்திக்காமலே உள்ளே போய்விடுகிறது. தரவுத்தளத்தின் 5432-ஆம் வாயிலைச் சோதனைக்காக ஒருவர் திறந்துவிட்டால், தீயரண் 'மூடப்பட்டுள்ளது' என்று காட்டிக்கொண்டிருக்கையிலேயே அது உலகனைத்திற்கும் திறந்திருக்கும். 'சென்ட்ரல்' அமைப்பில் தரவுத்தளம் வெளியிடப்படவில்லை. கொள்கலன்கள் தமக்குள் ஓர் உள் வலையில் பேசிக்கொள்கின்றன. அதை அப்படியே விட்டுவைப்பதே நன்று. வெளியிட வேண்டிய தேவை எழுந்தால், 127.0.0.1 என்னும் உள் முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்தி வெளியிடலாம்.

டாக்கர் கட்டளைகளை இடும் உரிமையை யாருக்கு வழங்குவது என்பதும் சிந்திக்கத்தக்கது. அவ்வுரிமை பெற்றவர் சேவையகத்தின் எந்தக் கோப்பையும் ஒரு கொள்கலன் வழியாக எடுக்கவும் எழுதவும் இயலும். பெயரளவில் சாதாரணப் பயனராயினும், நடைமுறையில் அவர் முழு அதிகாரி.

வட்டு நிரம்புதல் என்பது மெதுவாக வரும் நோய். கொள்கலன் தன் செயற்குறிப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். டாக்கரின் வழக்கமான அமைப்பில் அக்குறிப்புக் கோப்புக்கு உச்ச அளவு கிடையாது. மாதங்கள் செல்லச் செல்ல அது வட்டை நிரப்பி, ஒரு நாள் தரவுத்தளத்திற்கு எழுத இடமின்றிச் செய்துவிடும். கோப்பு இவ்வளவு பெருகியதும் சுழற்சியில் பழையதை நீக்குக என்று இரண்டு வரிகளில் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட வேண்டும்.

காப்புப்படி

சேமிப்பறை வெளியே இருப்பது மட்டும் போதாது. அது அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு பழுதானாலும், சேவையக வாடகை கட்டத் தவறினாலும் இரண்டும் ஒருங்கே போகும். ஆகவே நாள்தோறும் தரவுத்தளத்தின் முழுப்பிரதி ஒன்றை எடுத்து வேறொரு இடத்திற்கு அனுப்புதல் இன்றியமையாதது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை வெறுமனே நகலெடுத்தல் போதாது. எழுதிக்கொண்டிருக்கும் நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் புரளும்போது படமெடுத்தது போலாகிவிடும். போஸ்ட்கிரெஸ் தருகின்ற 'பிஜி டம்ப்' என்னும் கருவி, தொடங்கிய கணத்தில் தரவு இருந்த நிலையை முரணின்றி எழுதித் தரும்.

இது தொடர்பாக இக்கட்டுரையாளரின் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லுதல் பிறருக்குப் பயன்படக்கூடும். கொள்கலனுக்குள் இருக்கும் கருவியை வெளியிலிருந்து இயக்கும் கட்டளையைத் திரையில் இட்டுப் பார்த்தேன், அழகாக ஓடியது. அதே வரியை இரவுதோறும் தானாக இயங்கும் அட்டவணையில் சேர்த்தேன். காலையில் பார்த்தால் அன்றைய தேதியுடன் கோப்பு இருந்தது. நாளுக்கொரு கோப்பாக நாற்பதுக்கு மேல் சேர்ந்தன. ஒரு விடுமுறை நாளில், மீட்டெடுத்துப் பழகுவோம் என்று அவற்றுள் ஒன்றைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. எல்லாக் கோப்புகளின் அளவும் பூச்சியம்! நான் எழுதிய கட்டளையில், எதிரே ஒரு மனிதர் திரை முன் அமர்ந்திருப்பதாகக் கொள்ளும் குறி இருந்தது. இரவில் திரையும் இல்லை, மனிதரும் இல்லை. கட்டளை பிழை கூறி நின்றுவிட்டது. ஆனால் வெளியீட்டைக் கோப்பில் எழுதுக என்று கூறியிருந்தமையால், கட்டளை ஓடுவதற்கு முன்னரே வெற்றுக் கோப்பு உண்டாகிவிட்டது. அந்த நாற்பது நாட்களில் வட்டுக்கு ஏதும் நேராதது என் நல்வினை என்றே கூறவேண்டும். இப்போது கோப்பின் அளவு முந்தைய நாளினும் குறைந்திருந்தால் எனக்கு அஞ்சல் வருமாறு செய்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வேறொரு கணிப்பொறியில் புதுக் கொள்கலன்களை எழுப்பி, அண்மைப் பிரதியை அதில் இறக்கி, கடைசிப் படிவம் எந்தத் தேதியினது என்று பார்த்துக்கொள்கிறேன். அரைமணி நேர வேலை.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். சேவையகங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. 'இரவு 2 மணி' என்று அட்டவணையில் எழுதினால், நம் நாட்டில் அது காலை 7.30 மணி, ஊழியர்கள் களத்திற்குப் புறப்படும் வேளை. நமக்கு இரவு 2 மணி வேண்டுமாயின் 20.30 என்று எழுதவேண்டும்.

புதிய பதிப்புக்கு மாறுதல்

படிமத்தின் பெயருக்குப் பின் ஒரு பதிப்புக் குறி இடும் வழக்கம் உண்டு. ஏதும் இடாவிட்டால் 'லேட்டஸ்ட்' என்று டாக்கர் பொருள் கொள்ளும். மிகப் புதியதே சிறந்தது என்ற எண்ணத்தில் தரவுத்தளத்திற்கும் இதனை இட்டுவைப்பது ஆபத்து. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒரு பெரும்பதிப்பு எழுதிய கோப்புகளை அடுத்த பெரும்பதிப்பு நேராகத் திறவாது. ஒரு நாள் படிமங்களைப் புதுப்பித்ததும், பதிப்பெண் மாறிப்போய், தரவுத்தளம் எழ மறுக்கும். பதிவுகள் பத்திரமாகவே இருக்கும். ஆனால் பூட்டும் சாவியும் வேறாகிவிட்டிருக்கும். 'சென்ட்ரல்' அமைப்பே 2023-ஆம் ஆண்டில் போஸ்ட்கிரெஸ் 9.6-இலிருந்து 14-க்கு மாறியபோது, பழைய தரவைப் புதிய வடிவிற்குப் பெயர்க்கும் தனி நடைமுறையை வகுத்து, முன்னதாகக் காப்புப்படியும் வட்டில் போதிய இடமும் வேண்டுமென அறிவுறுத்தியே மாறிற்று. ஆகையால் பதிப்பெண்ணை வெளிப்படையாக எழுதிவைத்து, மாற்றக் குறிப்பைப் படித்தபின் கையால் மாற்றுவதே முறை.

பெரிய நிறுவனங்களில் பதிப்பு மாறும்போது ஒரு வினாடியும் சேவை நிற்கலாகாது என்பதற்காக, குபெர்னெட்டிஸ் போன்ற விரிவான ஏற்பாடுகளைச் செய்கின்றனர். ஒரு மாவட்டத்தின் நீர்மட்டக் கணக்கெடுப்புக்கு அது வேண்டுவதில்லை என்பது என் கருத்து. அதனைப் பேணவே தனியாக ஒருவர் வேண்டும். மேலும், நம் ஊழியர்களின் கைப்பேசிகள் அலை எட்டாத இடத்தில் வேலை செய்வதற்கென்றே அமைந்தவை. சேவையகம் ஒரு மணி நேரம் மூடியிருந்தால், கைப்பேசிக்கு அது அலை இல்லாத ஊர்போலத்தான் தோன்றும். நிரப்பி முடித்த படிவங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பின்னர் அனுப்பும்.

எனவே நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மாற்றுகிறோம். முதலில் காப்புப்படி எடுத்து, அதன் அளவைப் பார்த்து, வேறிடத்திற்கு அனுப்பிவிடுகிறோம். பின்னர் கொள்கலன்களை நிறுத்தி, புதிய படிமங்களைப் பெற்றும் கட்டியும் எழுப்புகிறோம். ஒரு கைப்பேசியிலிருந்து சோதனைப் படிவம் ஒன்றை அனுப்பி, அது பட்டியலில் வந்து விழுவதைக் கண்டபின்னரே பழைய படிமங்களைத் துடைக்கிறோம். மாலை ஆறு மணியளவில், ஊர் திரும்பிய ஊழியர்களின் கைப்பேசிகள் காத்துவைத்திருந்த படிவங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்குகின்றன.